மடக்கு ஹெட்போன் எத்தனை நாள் தாங்கும்? கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு சின்னப் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். வருவதில் பெரும்பாலும் கைத்தொலைபேசித் திரைதான். மிச்சத்தில் பாதி ஹெட்போன், அதிலும் மடக்கிப் பைக்குள் போடுகிற வகை. கேஎல் சென்ட்ரலில் ரயில் மாறுகிறவர்கள், கால் சென்டர் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், பக்திப்பாடல் கேட்கும் அம்மாக்கள் என்று ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஈயம் உருகிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அண்ணே, மடக்குற ஹெட்போன்னு எதைச் சொல்றீங்க? இப்ப எல்லாமே மடங்குதே?

இரண்டு வேறு அசைவுகளை மக்கள் ஒரே பெயரில் சொல்கிறார்கள். காதுக் கிண்ணம் பக்கவாட்டில் திரும்பி, மேசையில் ரொட்டி மாதிரித் தட்டையாகப் படுப்பது ஒன்று. அதில் தடிமன் குறையும், அகலம் குறையாது. கிண்ணம் தலைப்பட்டைக்குள் சுருண்டு போய் மொத்தமும் கையளவு உருண்டையாவது இன்னொன்று. நான் மடக்கு என்று சொல்வது இரண்டாவதைத்தான்.

சோனியின் ஒரே வரிசையில் இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம். 2020-இல் வந்த டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 இரண்டு அசைவும் செய்யும். 2022-இன் எக்ஸ்எம்5 தட்டையாகத் திரும்பும், உள்ளே மடங்காது. 2025-இன் எக்ஸ்எம்6-இல் மடிப்பு திரும்ப வந்துவிட்டது. மடிப்பு ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. கோஸ் நிறுவனத்தின் போர்ட்டா புரோ 1984-லேயே சுருட்டிக் கொக்கி போட்டு எடுத்துப்போகும்படி வந்தது. இன்றும் அதே உருவத்தில் விற்பனையில் இருக்கிறது.

மடக்கி மடக்கி வச்சா சீக்கிரமா ஒடஞ்சிடும்தானே?

வீட்டுக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இருபது முறை திறந்து மூடினாலும் கீல் வருஷக்கணக்கில் நிற்கும். பிள்ளை அதன்மேல் தொங்கி ஊஞ்சலாடினால் ஒரே மாதத்தில் கதவு சாய்ந்துவிடும். ஹெட்போன் கீலும் அதேதான். வேலைக்குப் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை என்று மடக்கினால், வருஷத்துக்கு 300 வேலைநாள் வைத்தாலும் 600 மடிப்புதான். ஆணியைச் சுற்றி கீல் சுழல்வதில் பிளாஸ்டிக் வளைவதே இல்லை. சுழற்சிக்கு அது அசராது.

முறுக்குக்குத்தான் அது உடைகிறது. என் மேசைக்கு வரும் கீல்களில் கீறல் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கும்: ஆணி நுழையும் ஓட்டையைச் சுற்றியுள்ள மெல்லிய சுவர், இல்லாவிட்டால் திருகு இறங்கும் மூலை. மடங்க வேண்டிய திசையில் இல்லாமல் குறுக்கே இழுத்தால் அந்த முழு விசையையும் அரிசிமணி அகலச் சுவர் ஒன்று தாங்க வேண்டியிருக்கிறது. மடக்காமல் அப்படியே முதுகுப்பையில் திணித்து, மேலே மடிக்கணினியும் சோற்றுப் பாத்திரமும் ஏற்றுகிறவர்களின் ஹெட்போனைத்தான் நான் அதிகம் திறந்து பார்த்திருக்கிறேன். உள்ளே மடிந்திருக்கும்போது அது உருண்டை, நெரிசலைத் தாங்கும். விரிந்திருக்கும்போது அது வில்.

அப்ப எப்படித் தொறந்து மூடணும்?

இரண்டு கையாலும். கேட்கவே சிரிப்பாக இருக்கும். மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் எல்ஆர்டி ரயில் ஏறுகிறவர்களைப் பாருங்கள்: ஒரு கை கம்பியில், இன்னொரு கையால் ஒரு கிண்ணத்தைப் பிடித்து உதறித் திறப்பார்கள். அந்த உதறலில் எதிர்ப்பக்கக் கிண்ணத்தின் எடை முழுவதும் கீலை முறுக்குகிறது.

நீளத்தைச் சரிசெய்யும் தண்டை முதலில் முழுக்க உள்ளே தள்ளுங்கள், பிறகு மடக்குங்கள். திறக்கும்போது இதற்கு நேர் எதிர் வரிசை. தண்டு வெளியே நீண்டிருக்கும்போது மடக்கினால் நெம்புகோல் நீளமாகிறது. கீலின் மேல் விழும் விசையும் அதே அளவுக்குக் கூடுகிறது. கழற்றும்போதும் இரண்டு கிண்ணத்தையும் பிடித்து முன்பக்கமாக எடுங்கள். ஒரு காதை மட்டும் பிடித்து மேலே தூக்கும் பழக்கம் உள்ளவர்களை, எந்தப் பக்கம் கீல் போயிருக்கிறது என்று பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். வலது கைக்காரர்களுக்கு வலது பக்கம்தான்.

மொத்தத்துல எத்தனை வருஷம் வரும்னு சொல்லுங்க.

ஒரு எண் சொல்ல முடியாது, ஏனென்றால் ஹெட்போன் ஒரே வேகத்தில் வயதாவதில்லை. என் கடைக்கு வருவதை வைத்துச் சொல்கிறேன். காது மெத்தை முதலில் போகும், தினமும் போடுகிறவர்களுக்கு ஒன்றரை இரண்டு வருஷம். அடுத்தது கம்பி அல்லது பேட்டரி. கீல் கவனமானவர்களிடம் கடைசியில் போகும், கவனமில்லாதவர்களிடம் முதல் மாதத்திலேயே போகும். ஒலி தரும் டிரைவர் செத்து வருவது மிக அபூர்வம்.

ஆகவே "எத்தனை வருஷம்" என்பதைவிட "மெத்தை தனியாகக் கிடைக்குமா, கம்பி கழற்ற முடியுமா" என்று கடைக்காரரைக் கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் ஆயுள் உங்கள் கையில்.

காது மெத்தைத் தோல் கறுப்பு கறுப்பா உரிஞ்சு கன்னத்துல ஒட்டுது. என்னை ஏமாத்திட்டாங்களா?

இல்லை, இது நம் ஊர்க் காற்றின் வேலை. அந்தத் தோல் தோலே இல்லை. துணிமேல் பாலியூரித்தேன் பூசியது. அதில் பல வகைகள் ஈரப்பதத்தை வாங்கி, மெதுவாக இரசாயன முறையில் அறுபட்டுப் போகின்றன. வெப்பம் இருந்தால் இன்னும் வேகம். கோலாலம்பூரில் வருஷம் முழுக்கப் புழுக்கம்தான், குளிர்காலம் என்று ஓய்வே கிடையாது. ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஹெட்போன் என்றாலும் மெத்தை அதே பாலியூரித்தேன் என்றால் கதையும் அதேதான்.

ஒரு அம்மா, "தம்பி, மகன் சிங்கப்பூர்லேர்ந்து வாங்கியாந்தான், பத்திரமா பெட்டியிலேயே வச்சிருந்தேன், தொறந்து பாத்தா உரிஞ்சு கிடக்கு" என்று வந்தார். போட்டாலும் போடாவிட்டாலும் அந்த மாற்றம் நடந்துகொண்டேதான் இருக்கும். அலமாரிக்குள் காற்றோட்டம் இல்லாமல் பூட்டி வைப்பது அதற்குத் தீனி. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மாதம் ஒருமுறை எடுத்துக் கேளுங்கள்.

வியர்வையும் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தால் நாள் இன்னும் குறையும். போட்டு முடித்ததும் லேசாக ஈரமான துணியால் துடைத்து, காயவிட்டுப் பிறகு மடக்குங்கள். கைச்சுத்திகரிப்பானைத் தடவாதீர்கள், ஆல்கஹால் அந்தப் பூச்சை வெடிக்க வைக்கும். மாற்று மெத்தை வாங்கும்போது துணி அல்லது வெல்வெட் மேற்பரப்பு உள்ளது நீடிக்கும். ஆனால் அதில் வெளிச்சத்தம் உள்ளே வரும், அடிநாதம் குறையும். இரைச்சல் நீக்கும் ஹெட்போனுக்கு அது வேண்டாம். மெத்தை காதோடு காற்றுப் புகாமல் ஒட்டினால்தான் அந்த வசதி ஒழுங்காக வேலை செய்யும்.

கழுத்துல மாட்டிக்கிட்டே திரியலாமா?

திரியலாம். கழுத்து வியர்வை மெத்தைக்குப் போகும், அவ்வளவுதான். மாட்டியபடியே தாடையைக் குனிந்து கிண்ணத்தை அகட்டாதீர்கள்.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் வரல. முடிஞ்சதா?

முதலில் தொலைபேசி அமைப்புகளில் அணுகல் வசதிப் பகுதியைத் திறந்து, இடம்-வலம் சமநிலைக் கோடு நடுவில் இருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், மாதத்துக்கு ஒருவராவது அதனால் வருகிறார்கள். அடுத்து வேறு தொலைபேசியில் போட்டுப் பாருங்கள். கழற்றும் கம்பி என்றால் வேறு கம்பி மாற்றிப் பாருங்கள். கம்பி பெரும்பாலும் செருகியின் கழுத்தில் அறும்.

இதெல்லாம் சரியாக இருந்தால், பாட்டு ஓடும்போதே கிண்ணத்தை மெதுவாக மடக்கி விரியுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் சத்தம் விட்டு விட்டு வந்தால் குற்றவாளி கீலுக்குள் ஓடும் கம்பி. ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் மெல்லிய கம்பிகள் தலைப்பட்டை வழியாகத்தான் போகின்றன, ஒவ்வொரு மடிப்பிலும் அவையும் மடிகின்றன. மேலே நான் கீல் பிளாஸ்டிக் வளைவதில்லை என்று சொன்னேன் அல்லவா, கம்பி வளைகிறது. மடிப்பால் உண்மையாகவே தேய்வது என்று சொன்னால் இதுதான். நல்ல தயாரிப்பில் கீல் அருகே கம்பிக்குக் கொஞ்சம் தளர்வு விட்டிருப்பார்கள். மலிவில் இறுக்கி இழுத்து ஒட்டியிருப்பார்கள். மாற்ற முடியும், ஒரு மணி நேர வேலை. ஹெட்போனின் விலை அந்தக் கூலிக்குத் தகுமா என்பதுதான் கேள்வி.

கீல்ல முடி மாதிரி ஒரு கீறல். கம் காஜா போட்டா ஒட்டிக்காதா?

தயவுசெய்து வேண்டாம். கம் காஜா, அதாவது சூப்பர் குளூ, காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைப்பாகும். முறுக்கு விழும் இடத்தில் விறைப்பான பசை ஒரு வாரம் நிற்காது. அதைவிட மோசம், அது தண்ணீர் மாதிரி ஓடி ஆணிக்குள் இறங்கிவிடும். பிறகு கீல் அசையாது. தெரியாமல் பலம் கொடுத்துத் திறக்கிறார்கள், கீறலோடு போயிருக்க வேண்டியது இரண்டு துண்டாகிறது. சுற்றிலும் வெள்ளைப் புகைக்கறை படிந்திருப்பதைப் பார்த்தாலே எனக்கு விஷயம் தெரிந்துவிடும்.

கீறல் தெரிந்த அன்றே மடக்குவதை நிறுத்துங்கள். கீறலின் நுனியில் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டால் அது மேலே ஓடாமல் நிற்கும். கூர்மையான நுனியில் குவியும் விசை வட்டத்தில் பரவிவிடுவதால் அப்படி. பிறகு மெல்லிய எஃகுக் கம்பியைக் கீலின் இருபுறமும் பாலம் மாதிரி வைத்து, இரண்டு பகுதி கலந்து பூசும் எபாக்ஸியால் மூடுவேன். இதற்கு மேல் அது மடங்காது. மடங்காத ஹெட்போனாக இன்னும் பல வருஷம் வாழும். பிளாஸ்டிக் நைலான் வகையாக இருந்தால் எபாக்ஸியும் சரியாகப் பிடிக்காது, அப்போது கிண்ணத்தைப் பிடித்திருக்கும் கவட்டைக்கு மாற்று தேடுவதுதான் வழி.

காடியிலயே வச்சிட்டுப் போலாமா? தெனமும் எடுத்துட்டு அலைய முடியல.

வெயிலில் நிறுத்திய காடிக்குள், அதாவது காருக்குள், வெப்பம் 60 பாகை செல்சியஸ் வரை போகலாம், கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டில் அதற்கும் மேலே. லித்தியம் அயன் பேட்டரிக்கு அது எல்லைக்கோடு. மெத்தையை ஒட்டிய பசையும் இளகும். மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியும் இதே கதைதான், அங்கே எஞ்சின் சூடும் சேரும். வேறு வழியில்லை என்றால் காடி சீட்டுக்கு அடியில், நிழலில், மடக்கி, உறைக்குள். சூடு தணியாமல் சார்ஜ் மட்டும் போடாதீர்கள்.

மழையில நல்லா நனைஞ்சிடுச்சு. அரிசியில போட்டு வச்சேன், சரிதானே?

அரிசியைச் சோறாக்குங்கள். அது காற்றைவிடப் பெரிதாக ஒன்றும் உறிஞ்சுவதில்லை, தூசியும் தவிடும் துளைக்குள் போவதுதான் மிச்சம். உடனே அணைத்து, மெத்தையைக் கழற்றி, மின்விசிறிக்கு முன்னால் இரண்டு நாள் வையுங்கள். அதுவரை சார்ஜ் போடாதீர்கள். நனைந்ததால் செத்ததைவிட, வேலை செய்கிறதா பார்ப்போம் என்று மறுநிமிஷமே சார்ஜ் போட்டதால் செத்ததுதான் அதிகம்.

பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்று அர்த்தம். பெரும்பாலான மடக்கு ஹெட்போன்களில் அந்த எழுத்தே இருக்காது. கீலில் இடைவெளி இருக்கிறது, தண்ணீருக்கு அது திறந்த கதவு.

பத்துமலைப் படி ஏறும்போது போட்டுக்கலாமா? 272 படி, சும்மா ஏற போரடிக்குது.

அங்கே உள்ள குரங்குகளை நினைத்தால் நான் போடமாட்டேன். அதை விட்டுவிட்டுப் பார்த்தால், வியர்வை மழையைவிடக் கெட்டது. அதில் உப்பு இருக்கிறது. கீலுக்குள் உள்ள எஃகு ஆணியிலும் சார்ஜ் துளையின் செம்பிலும் அது தங்கி அரிக்கும். உடற்பயிற்சிக்கு இருபது முப்பது வெள்ளிக்கு ஒரு கம்பி இயர்போன் வைத்துக்கொள்ளுங்கள்.

பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில 30 வெள்ளி, லோ யாட் கடைத்தொகுதியில 300 வெள்ளி. பாக்க ஒரே மாதிரிதான் இருக்கு. என்ன வித்தியாசம்?

சத்தத்தில் வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. கீலில்தான் அதிகம். கையில் எடுத்து இரண்டு கிண்ணத்தையும் எதிரெதிர் திசையில் லேசாகத் திருகிப் பாருங்கள். கிறீச்சென்றால் வைத்துவிடுங்கள். மடக்கும்போது கடைசியில் "டக்" என்று உட்கார வேண்டும், தொளதொளவென்று தொங்கக் கூடாது. கீல் மூடியில் திருகு தெரிந்தால் எனக்குச் சந்தோஷம், பின்னாளில் திறக்கலாம். முழுக்க ஒட்டியிருந்தால் அது ஒருவழிப் பாதை.

புளூடூத் உள்ளது என்றால் எம்.சி.எம்.சி., அதாவது மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் முத்திரை இருக்கிறதா பாருங்கள். இந்த நாட்டில் விற்கும் கம்பியில்லாச் சாதனங்களுக்கு அது வேண்டும். 30 வெள்ளிச் சாமானே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தொலைத்துவிடும் வயதில் உள்ள பிள்ளைக்கு அதுதான் சரி.

உலோகக் கீல்னா ஒடையவே ஒடையாதுல்ல?

கீல் உடையாது. கீலைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் உடையும். பலவீனம் காணாமல் போவதில்லை, பக்கத்து வீட்டுக்குக் குடிபெயர்கிறது. எஃகு பிளாஸ்டிக்கில் இறங்கும் இடத்தில் திருகு மெல்லத் தளரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சின்னத் திருப்புளியால் அரைச் சுற்று இறுக்கினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் நீங்களே கீறல் உண்டாக்குவீர்கள்.

நீண்ட நாள் உழைத்ததாகப் பெயர் பெற்றவற்றைப் பார்த்தால் உலோகம் மட்டும் காரணமாகத் தெரியவில்லை. சென்ஹைசரின் எச்டி 25, 1988-லிருந்து டிஜேக்களின் கழுத்தில் கிடக்கிறது. பெரும்பகுதி பிளாஸ்டிக்தான். ஆனால் கம்பி, மெத்தை, தலைப்பட்டை, டிரைவர் என்று ஒவ்வொன்றையும் தனியாக வாங்கி வீட்டிலேயே மாற்றலாம். உடையாததால் நீடிக்கவில்லை, உடைந்ததை மாற்ற முடிந்ததால் நீடித்தது. மேலே, கம்பி கழற்ற முடியுமா என்று கேட்கச் சொன்னதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள்.

500 தடவ சார்ஜ் பண்ணா பேட்டரி போயிடும்னு சொல்றாங்களே?

கணக்குப் போடுவோம். 300 முழுச் சுற்று என்றே குறைத்து வைப்போம். ஒரு சார்ஜில் 30 மணி நேரம் ஓடும் ஹெட்போனுக்கு அது 9000 மணி. தினம் 3 மணி கேட்டால் எட்டு வருஷத்துக்கு மேல். அதற்குள் உங்கள் பேட்டரியைக் கொல்வது எண்ணிக்கை இல்லை, சூடும், காலியாக்கி மாதக்கணக்கில் மறந்துவிடுவதும். எடுத்து வைப்பதென்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள்.

பேட்டரி போனாலும் பல மாடல்கள் கம்பி செருகினால் பாடும், சில பாடாது. வாங்கும்முன் அணைத்துவிட்டுக் கம்பியில் போட்டுப் பாருங்கள். பேட்டரியைப் பயனரே மாற்றும் வகையும் உண்டு, 2023-இல் ஃபேர்போன் வெளியிட்ட ஃபேர்பட்ஸ் எக்ஸ்எல் அப்படி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரியிலிருந்து கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்று விதி வருகிறது. நம் கடைகளுக்கும் அதன் பலன் வந்து சேரும் என்று காத்திருக்கிறேன்.

வாரண்டி இருக்கு, ஆனா கீல் ஒடஞ்சதை "பிசிக்கல் டேமேஜ்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவ்வளவுதானா?

எனக்கே நடந்திருக்கிறது. நான்கு மாதம் ஆன சாமான், கீழே விழவே இல்லை, கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது, பிரிவு 32. அந்தத் தரத்துக்குள் நீடித்து உழைப்பதும் அடங்கும். பிரிவு 37 உதிரிபாகமும் பழுதுபார்ப்பும் நியாயமான காலம் கிடைக்க வேண்டும் என்கிறது, வாங்கும்போதே இல்லையென்று அறிவித்திருந்தால் தவிர. விலைக்குத் தக்க எதிர்பார்ப்பு என்பதும் உண்டு, ஆகவே 30 வெள்ளிக்கு வாதாட முடியாது.

முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். ஒத்துவராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயமான திரிபூனல் துந்துத்தான் பெங்குனாவில் 5 வெள்ளி கட்டி மனுக் கொடுக்கலாம். 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. பிரச்சினை எழுந்து மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும். ரசீது, உறை, கீறலின் படம் மூன்றும் வேண்டும். முக்கியமாக, கம் காஜா போட்டிருக்கக் கூடாது.

அண்ணே, நீங்க என்னதான் போடுறீங்க?

பெயர் கேட்காதீர்கள், எழுத்தெல்லாம் எப்போதோ அழிந்துவிட்டது. கம்பி போட்ட மடக்கு ஹெட்போன், 180 வெள்ளிக்கு வாங்கியது. மெத்தை நான்காவது ஜோடி, கம்பி மூன்றாவது. வலப்பக்கக் கீலை என் மகள் மூன்று வயதில் கதவு மாதிரித் தொங்கிப் பார்த்தாள். அந்தப் பக்கம் சைக்கிள் சக்கரக் கம்பித் துண்டும் எபாக்ஸியும். இடப்பக்கம் இன்னும் மடங்குகிறது, பையில் போட்டால் ஒரு காது நீட்டிக்கொண்டிருக்கும்.